எலிப் பொந்துத் தியேட்டர்

இலோய்லோ, பிலிப்பைன்ஸ்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அக்கா,

அப்பா தூங்கிவிட்டார். கழிவறை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்போன் அவரிடம் இருப்பதால், நாளை ஹாங்காங் திரும்பும் உன் தோழி ரோவெனாவிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்.

போன வாரம் போனில் திட்டினாய். "அவ்ளோ பெரிய டிவி அனுப்பியிருக்கேன். அந்த எலிப் பொந்துத் தியேட்டர்ல போய் நீயும் அம்மாவும் என்னடி பாக்குறீங்க?" அப்பா பக்கத்தில் இருந்ததால் சிரித்து வைத்தேன்.

எலி இருப்பது உண்மைதான். கூரையும் ஒழுகுகிறது. ஆனால் ஒரே டிக்கெட்டில் காலையிலிருந்து கடைசிக் காட்சி வரை உட்காரலாம். படம் தொடங்கியதுமே அம்மா தூங்கிவிடுவாள். முடிந்ததும், "இன்னொரு தடவ பாப்போம்டி" என்பாள்.

வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தால், முதலில் டிவியைப் போட்டுச் சத்தத்தை முழுதாகக் கூட்டுவார். பிறகுதான் அம்மாவைக் கூப்பிடுவார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்ல தினமும் சண்டைப் படம்தானா? ஒரு காதல் படம் போடச் சொல்லுடி" என்று சிரிக்கிறாள். எரிச்சலாக வருகிறது. அவள்மேல் மட்டுமல்ல, உன்மேலும்தான்.

இந்த மாதத்தோடு தியேட்டரை மூடுகிறார்கள். "எல்லாரும் வீட்லயே பாத்துக்கறாங்க, இங்க யாரு வர்றா?" என்றார் டிக்கெட் கொடுக்கும் பெண். இனி நாங்கள் எங்கே போய் உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது டிவி நன்றாக ஓடுகிறதா என்று கேட்காதே. அம்மா கேமராவை விரலால் மூடிக்கொண்டுதான் பேசுவாள். முகத்தைக் காட்டச் சொல். காட்டும்வரை போனை வைக்காதே.

உன் தங்கை