நிமிராத நான்கு காலைகள்

மெர்போக்
ஆவணி, 1943

அன்பு மகள் பிரேமாவதிக்கு அம்மா எழுதுவது. காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது, உடம்பு தேறிவிட்டது, மரவள்ளிக்கிழங்கும் கீரையுமாகப் பொழுது போகிறது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் காவல் நிற்கட்டும். இதைத் தபாலில் போடவில்லை, சுங்கைப்பட்டாணி துணிக்கடை ஈசா அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

தோட்டத்து விவகாரத்தில் தலையிடாமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்று எழுதியிருந்தாய். ஐந்து மாதம் சும்மாதான் இருந்தேன். உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. சித்திரையில் சயாமில் ஜப்பான்காரர்கள் போடும் ரயில் பாதை வேலைக்கு நம் ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு பேரைக் கொண்டுபோனார்களே, அந்தப் பட்டியலை எழுதியது நான். உங்கள் கையெழுத்து அழகாயிருக்கும் டீச்சர் என்றார் ஆபீசில் கணக்கெழுதும் தர்மலிங்கம் கிராணி, மூன்றே மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார். மெட்ராஸில் காலேஜ் படித்தவளுக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை ஒருவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. போன வாரம் இன்னும் இருபது பேருக்குப் பட்டியல் எழுதச் சொல்லி மறுபடி வந்தார். மாட்டேன் என்றேன். அவரே எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது ராக்காயி, முதல் பட்டியலில் போன சின்னையாவின் பெண்சாதி, கிராணியின் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். சிப்பாய் அவளைக் கன்னத்தில் அறைந்து உச்சிவரை வெயிலில் நிற்கவைத்தான். அன்று சாயங்காலம் பெண்கள் எல்லாரும் என் வீட்டுக்கு வந்து ஆபீசுக்குக் கல்லெறியலாம் என்றார்கள். கல் எறிந்தால் அவர்களுக்கு அடிக்க ஒரு காரணம் கிடைக்கும், நமக்குப் பதில் கிடைக்காது என்றேன். தினமும் பெரட்டில் ஜப்பான்கார அதிகாரிக்கு நாம் குனிந்து வணங்க வேண்டும், அது அவர்கள் போட்ட சட்டம். நன்றாகக் குனிவோம், நிமிரச் சொன்னால் நிமிர வேண்டாம் என்றேன். யாரும் திட்டக்கூடாது, புத்தகத்தைத் தொடக்கூடாது, பிள்ளைகளைக் கூட்டிவரக்கூடாது, கேள்வி ஒன்றே ஒன்று, அதை ராக்காயி மட்டும் கேட்பாள் என்று பேசி முடித்தோம். வந்தவர்களில் அம்மாசிக்கு நிறைமாசம், நீ வராதே என்றால் கேட்கவில்லை, தரையில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

முதல் நாள், என்ன ராக்காயி இடுப்பு பிடிச்சிக்கிச்சா என்று கிராணி கேலி செய்தார். ஆமாங்க கிராணி, எங்க வீட்டு ஆளு வந்து தூக்கிவிட்டாத்தான் நிமிரும்லா, அவரு எங்கேன்னு சொல்லுங்க என்றாள். குனிந்தபடியே சிரித்துவிட்டோம். ஆனால் எனக்குப் பயம்தான் பிரேமா, என் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன், பக்கத்தில் சிப்பாயின் பூட்ஸ் வந்து நின்று போனது. குனிந்து நிற்பவளை என்ன சொல்லி அடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓடாது, அது உனக்கே தெரியும். நான்கு காலை வெயில் ஏறும்வரை அப்படியே நின்றோம், வாளிகள் காலியாகவே கிடந்தன.

நான்காம் நாள் அதிகாரி, என்ன வேண்டும் என்று கிராணி மூலமாகக் கேட்டார். போன முப்பத்தொரு பேர் எங்கேன்னு சொல்லுங்க, அப்புறம் இந்த இருபது பேரைக் கூப்பிடுங்க என்றாள் ராக்காயி, குரலை உயர்த்தவே இல்லை. அவர் கிராணியின் கையிலிருந்த பட்டியலை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இருபது பேரின் பயணம் இப்போதைக்கு நின்றிருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். திங்கட்கிழமை சுங்கைப்பட்டாணியில் ஜப்பான்காரர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகத்தான் போகிறேன். அங்கேயும் மரியாதையாகக் குனிவேன், அதே கேள்வியைக் கேட்பேன், பதில் வரும்வரை நிமிர மாட்டேன். இனி என்னைச் சும்மா இருக்கச் சொல்லி எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைத் தனியாக வெளியே விடாதே, நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் ஒருவருக்கொருவர் துணையாகவும் இருக்க வேண்டும். இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், அந்த முப்பத்தொரு பெயர்களையும் தகப்பன் பெயரோடு மறுபடி எழுதியிருக்கிறேன். படித்து முடித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அந்தத் தாளைப் போடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா