கூர்மையான பல்

மார்ச் 3, திங்கள்

மிஷின் நடு வயலில் நின்றுவிட்டது. கதிர் அறுக்கிற மிஷின்; என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து வாங்கியது. அவர் போன பிறகு பாதி என்னுடையது. ஊர் வயல்களில் வாடகைக்கு ஓட்டுவது என் மருமகள். கதிரை உள்ளே இழுக்கும் இடத்தில் டக் டக் என்று அடி. பிறகு இழுப்பதே இல்லை.

கொழுந்தன் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். வந்தவன் மூடியைத் தொடக்கூட இல்லை. "கியர்பாக்ஸ் போச்சும்மா."

"இருபத்தாறு வருஷ இரும்பு அண்ணி. பேசாம எடைக்குப் போட்டுடலாம்."

"கழட்டிப் பாக்காம நோய் சொல்றவருக்கு இந்த வீட்ல காபி கிடையாது" என்றேன்.

வெள்ளி வரை தவணை வாங்கினேன். அதற்குள் ஓடாவிட்டால் சனிக்கிழமை பழைய இரும்பு லாரி. அந்த மிஷின் போனால் மருமகளுக்கு வேலை இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் வெறுமனே ஓடும்போதும் சத்தம் வர வேண்டாமா? வரவில்லை. கதிர் ஏறினால்தான் வருகிறது. எஞ்சினை நிறுத்திப் பக்க மூடியைக் கழற்றினோம்.

செயின்! புதுசில் பதினாறு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அளந்தேன். பன்னிரண்டரைக்கு அரைக்கால் குறைவு. மறுபடி அளந்தேன். அதேதான். நீண்டுபோன செயின் சக்கரத்தின் பல்லில் உட்காராமல் தாவுகிறது.

"அத்தை, பல் சக்கரத்தையும் மாத்திடலாமா? நுனியைப் பாருங்களேன்."

"பாத்தேன். எவ்வளவு கூர்மையா இருக்கு! தேஞ்சிருந்தா மழுங்கியில்ல போயிருக்கும்? நல்லா இருக்கறதை எதுக்கு மாத்தணும்?"

ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். இவள் எதையும் முழுசாகச் சொல்லமாட்டாள்.

மார்ச் 5, புதன்

மருமகள் டவுனுக்குப் போய்ச் செயின் வாங்கி வந்து மாட்டினாள். கொழுந்தனுக்குப் போன் செய்து, "கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு, நாளைக்கு வந்து பாருங்க" என்றேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

மார்ச் 6, வியாழன்

இருபது அடி போயிருக்காது. டக். டக். டக்.

புதுச் செயின்! எப்படி? அளந்தேனே— எங்கே தப்பு? கொழுந்தன் வரப்பில் நின்றுகொண்டு, "அன்னைக்கே சொன்னேனே அண்ணி" என்கிறார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மருமகள் இறங்கினாள். கருவிப் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பல் சக்கரத்தை எடுத்தாள். செயின் வாங்கப் போனபோதே என்னிடம் சொல்லாமல் வாங்கியிருக்கிறாள்! பழையதன் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். புதுசின் பல் நுனி தட்டையாக, மழுங்கலாக இருக்கிறது. பழசோ ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி. பென்சிலைச் சீவுவதுபோல் செயின் இத்தனை வருஷமும் அரித்து அரித்து அதைக் கூராக்கியிருக்கிறது. அதை நான் பாராட்டினேன்.

கான்வென்ட் பள்ளிக்கூடமாக இருந்தால் நூறு முறை எழுதச் சொல்வார்கள். இங்கே ஒரு முறை எழுதுகிறேன்: கூர்மையான பல் தேய்ந்த பல்.

"உன் பேச்சைக் கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடது" என்றேன், கொழுந்தன் காதில் விழும்படியே.

"செயினைக் கண்டுபிடிச்சது நீங்கதானே அத்தை? அந்தப் பெரிய ஸ்பேனரை இப்படிக் குடுங்க. அது இல்ல, பெரிசு."

இந்த வீட்டில் என்னை வேலை ஏவியவர்கள் யாரும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பொழுது சாயும்வரை ஓடியது. பாதியில் நின்ற வயல் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. ஒரு டக் இல்லை. மேலே அவள் உட்கார்ந்திருந்த தோரணை! வயல்காரர், "யாரும்மா அது, இவ்வளவு நேரா ஓட்டறது?" என்று கேட்டார்.

"என் மருமகள்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 8, சனி

லாரி வரவில்லை.

மார்ச் 19, புதன்

கொழுந்தன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் சம்பந்தி வீட்டு மிஷினில் ஏதோ கிறீச்சென்று சத்தமாம். யாரைக் கூப்பிட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். "நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும் அண்ணி" என்று இழுத்தார்.

"மெக்கானிக் ஷெட்ல இருக்கா. போய்க் கேளுங்க, நேரம் இருந்தா வருவா" என்றேன்.