செருப்பு கழற்றும் கோட்டை

அம்மா,

இன்று காலை உன் கோட்டை வாசலில் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

சொன்னவள் அங்கே காவலுக்கு நின்ற பெண். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வெறுங்கால். பக்கத்தில் செருப்பு வைக்கப் புதிதாக ஒரு மர அடுக்கு வந்திருக்கிறது. அதன் கீழ்த்தட்டில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒன்று, குதிகால் பக்கம் தேய்ந்து, ஒரு வாரில் ஊக்கு குத்தி, தனியாகக் கிடந்தது. நீயும் அப்படித்தான் ஊக்கு குத்துவாய். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் தயக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"செருப்ப இங்க வுட்டுட்டு போங்க மேடம். இது ரொம்பப் பழைய எடம்."

"எவ்ளோ பழசு?"

"அது தெரியல மேடம். ராஜா காலத்துது."

மேனேஜரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அலுவலகத்தின் பக்கம் நடந்தேன். நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த ஒருநாள், இந்த ராஜா காலத்துக்குச் சாரம் கட்டியிருந்ததை நீதான் பஸ் சன்னலிலிருந்து எனக்குக் காட்டினாய்.

கோட்டை இருக்கும் இந்தப் பொழுதுபோக்குப் பார்க்கின் முதலாளி வெளிநாட்டில் எங்கோ ஒரு தேவதைக் கதைக் கோட்டையைப் பார்த்து மயங்கி, அதன் படத்தோடு திரும்பி வந்தவர். நீலக் கூம்புகள், சின்னச் சின்ன சன்னல்கள், உச்சியில் கொடிகள். சென்னையிலிருந்து வந்த காண்ட்ராக்டர் சுவரை எழுப்பிவிட்டுப் பாதியில் போய்விட்டார். முதலாளி காஞ்சிபுரத்திலிருந்து கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்கிறவர்களைக் கூட்டி வந்தார். அவர்கள் படத்தைப் பார்த்து, "கூம்புதானே, ஏத்திடலாம்" என்றார்களாம். ஏற்றினார்கள். கை பழகியபடிதானே போகும்? கூம்புகளின் உச்சியில் கொடிக்குப் பதில் கலசம் போல ஒன்று முளைத்தது. வாசலில் இருந்த இரண்டு சிங்கங்களுக்கும் விழி பிதுங்கிக் கோரைப்பல் வந்தது. நிலைப்படி முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. வாசலுக்கு மேலே மஞ்சள் கூந்தலும் இறக்கையுமாக ஒரு தேவதை. அவளுடைய வலது உள்ளங்கை நம்மைப் பார்த்து உயர்ந்திருந்தது.

"ஆளப் பாத்தா வெள்ளக்காரி, மொறைக்கறது நம்ம மாரியாத்தா" என்றாய் நீ.

கோட்டை திறந்த வாரமே நீ அதைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தாய். செருப்பு விஷயம் அப்போது தொடங்கியதுதான். எப்படித் தொடங்கியது என்று உன்னிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரே பதிலைத்தான் சொன்னாய், ஒரு சொல் கூடக் கூடாமல் குறையாமல். அதனால்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார்கள்.

உன் பதில் இது. தரை புதுசு, சிவப்பு ஆக்சைடு போட்டு மெழுகு பூசியது. ஈரமானால் ரப்பர் செருப்பு வழுக்கும். அதனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே துடைத்துக்கொண்டிருந்தாய். அப்போது ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது. காலையிலிருந்து காஞ்சியில் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர்கள். ஊர் திரும்பும் வழியில் பிள்ளைகளுக்காகப் பார்க்கில் நிறுத்தியிருந்தார்கள். அன்று முழுக்கச் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிய கால்கள். எதிரே கலசம், கோரைப்பல் சிங்கம், கை தூக்கிய ஒருத்தி. வாசலில் ஏற்கெனவே ஒரு செருப்பு. யாரும் யாரையும் கேட்கவில்லை. கழற்றினார்கள், நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், தாண்டி உள்ளே வந்தார்கள். அடுத்து வந்தவர்கள் அந்தச் செருப்புகளைப் பார்த்துக் கழற்றினார்கள். சாயங்காலம் வாசலில் குவியல்.

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்னாத்த சொல்றது? தொடச்ச தரைல செருப்பில்லாம நடந்தா எனக்கு நல்லதுதானே."

டிக்கெட் கவுண்டரில் இருந்த ரஹீமா அக்கா வேறு மாதிரி சொல்வாள். "ஒரு ஜோடியாமா? உங்கம்மாவா? தொலைஞ்ச சாமான் ரூம்லேர்ந்து அள்ளிக்கினு வந்து வெச்சாம்மா. ஆம்பள செருப்பு, பொம்பள செருப்பு, கொழந்த செருப்பு. ஒரு குடும்பமே உள்ள போன மாதிரி. வெச்சிட்டு தூண் பின்னால நின்னுக்கினு சிரிக்கறா."

இதை உன்னிடம் சொன்னதும் நீ வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாய்: "அவ டிக்கெட் கிழிக்கற எடத்துலேர்ந்து கோட்ட வாசல் தெரியுதான்னு போய் நின்னு பாத்தியா?"

இன்று போய் நின்று பார்த்தேன். பாதி வாசல் தெரிகிறது. மீதியை ஒரு ஐஸ்கிரீம் கடை மறைக்கிறது. அந்தக் கடை அப்போது இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

பழைய மேனேஜர் உங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரித்ததை நீ நடித்தே காட்டுவாய். யாரோ செருப்புக்குக் காவல் என்று வசூல் பண்ணத் திட்டம் போடுகிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். "யாரு ஆரம்பிச்சது? இப்ப சொல்லிட்டா வேல இருக்கும்." நீ முன்னால் வந்து, "சார், நான் தரையப் பெருக்கறவ. ஜனங்க கால்ல போட்டுக்கறதுக்கும் கழட்டறதுக்கும் நான் எப்பிடி சார் பொறுப்பு?" என்றாயாம். அவர் 'செருப்புடன் உள்ளே வரலாம்' என்று பெரிதாக எழுதி ஒரு பலகை வைத்தார். ஜனங்கள் செருப்பைக் கழற்றி அந்தப் பலகைக்குக் கீழே ஒழுங்காக அடுக்கிவிட்டு உள்ளே போனார்கள். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

அதன் பின் கதைகள் வரத் தொடங்கின. சன்னல் கம்பியில் யாரோ மஞ்சள் கயிறு கட்டினார்கள். கீழே சித்தர் சமாதி இருக்கிறது என்றார்கள். கன்னித் தெய்வம் என்றார்கள். கீழே உண்மையில் என்ன இருந்தது என்று உன்னிடம் கேட்டேன்.

"முள்ளுக்காடு. நானும் எங்கம்மாவும் வெறகு ஒடிச்ச எடம். முள்ளு குத்தி சீழ் வெச்சி நான் ரெண்டு வாரம் நொண்டிக்கினு திரிஞ்சது அங்கதான்."

"அப்ப செருப்பு போடலியா?"

"செருப்பா! எங்கப்பாவே அந்தத் தெரு வழியா போவசொல்ல செருப்பக் கக்கத்துல இடுக்கிக்கினு போவாரு. தெரு முடிஞ்சப்புறம் கீழ போட்டு மாட்டிக்குவாரு. அதுக்கு எதுக்கு செருப்புன்னு நான் வாங்கவே இல்ல."

அந்த ஒரு தடவைதான் சொன்னாய். அரிசி களைந்துகொண்டே, தண்ணீரை மாற்றிக்கொண்டே. எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

எனக்கு வேலை கிடைத்த வருஷம், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தேன். கோட்டை முற்றத்தில் சிமெண்ட் தரை கொதித்துக்கொண்டிருந்தது. ஜரிகை வேட்டிக்காரர்கள், பட்டுப்புடவைக்காரர்கள், ஜீன்ஸ் போட்ட பிள்ளைகள், எல்லாரும் வெறுங்காலோடு ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ கோபுரப் படிக்கட்டின் நிழலில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாய். காலில் நீல வார்ச் செருப்பு.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் குதித்துக் குதித்து வந்தார். நீ எழுந்து வாளியை ஒதுக்கி வழி விட்டாய். "பாத்து வாங்கய்யா, தரை சுடுது." அவர் உன்னைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

"அவரு யாருன்னு தெரியுதா?" என்றாய். தெரியவில்லை என்றேன். "அந்தத் தெருக்காரரு. நடுவூட்டுக்காரரு." சொல்லிவிட்டு டீயைக் குடித்தாய்.

"ஏம்மா, எல்லாரும் கழட்டிட்டு போறாங்க. நீ மட்டும் போட்டுக்கினு இருக்குற?"

"கால்ல ஆணிமா. வெறுங்கால்ல நிக்க முடியல."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து களைத்த முகம், அவ்வளவுதான்.

இத்தனை வருஷமாக இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நீ அதைத் திட்டமிட்டுத்தான் செய்தாய் என்று நம்ப எனக்கு எவ்வளவு ஆசை என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆசையைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன். படித்த பிள்ளைகள் தாய்மார் செய்யாத கலகங்களையெல்லாம் அவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வழுக்குகிற தரை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு பஸ். அவ்வளவாகவும் இருந்திருக்கலாம்.

இன்று பார்க்கிலிருந்து என்னைக் கூப்பிட்டதும் இந்தச் செருப்புக் கதைக்காகத்தான். கோட்டையின் வரலாறு என்று வாசலில் கல்வெட்டு மாதிரி ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். புது மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். நம்மிடம் ஏன் இவ்வளவு மரியாதை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே தாளை நீட்டினார். பல்லவ இளவரசி ஒருத்தி தன் பொற்காலணிகளைக் கழற்றி வைத்து மழை வேண்டித் தவமிருந்த புனித மண். அன்று முதல் இன்று வரை பாதணி களையும் மரபு. கீழே என் பெயர், வரலாற்றுத் துறைப் பேராசிரியர் என்ற பட்டத்தோடு, ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"இதுக்கு ஆதாரம்?"

"ஜனங்க நம்பறாங்களே மேடம்."

"இந்தக் கட்டிடத்துக்குச் சாரம் கட்டினத நானே பாத்திருக்கேன்."

"கட்டிடம் புதுசு மேடம். எடம் பழசு இல்லையா?"

"எல்லா எடமும் பழசுதான்."

"சூப்பர் மேடம்! இத போர்டுல மேல போட்டுக்கலாமா?"

நான் சிரிக்கவில்லை. இங்கே முள்ளுக்காடு இருந்தது என்றும், விறகு ஒடிக்க வந்தவர்களின் காலில் முள் குத்தியது என்றும், முதலில் இங்கே செருப்பைக் கழற்றி வைத்தவள் தரை துடைத்த ஒரு பெண் என்றும் எழுதலாம் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் கண் மலர்ந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "க்ளீனிங் ஸ்டாஃபா? இது இன்னும் டச்சிங்கா இருக்குது மேடம். பக்தியுள்ள ஒரு பணிப்பெண். வேல செய்யற எடத்தையே கோயிலா நெனச்சவங்க. ஒரு சின்ன செல வெச்சிடலாம், கையெடுத்துக் கும்பிடற மாதிரி. யாரு மேடம் அவங்க? உங்க அம்மாவும் இங்கதானே வேல பாத்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது, அம்மா. சொல்லியிருந்தால் அடுத்த மாதமே நீ சுதையில் கை குவித்து அந்த வாசலில் நின்றிருப்பாய், வெறுங்காலோடு. கோபுர வேலைக்காரர்கள் உனக்கும் விழி பிதுங்க வைத்திருப்பார்கள். அது உனக்குப் பிடித்திருக்கும். ஆனால் காலில் செருப்பு வைத்திருக்க மாட்டார்கள்.

"தெரியல" என்றேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிடுவதாகச் சொன்னார். வேறு பெயர் கிடைக்கும், கஷ்டமில்லை. இளவரசி அந்த வாசலுக்கு வந்தே தீருவாள். நீயும் உன் அம்மாவும் விறகு ஒடித்த இடம் அந்தப் பலகையில் இருக்காது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உன்னை அவர்கள் கும்பிட வைக்காமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவே.

போன வருஷம் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று நான் செய்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. உன் தலைமாட்டில் ரஹீமா அக்கா அழுதுகொண்டிருந்தாள். பெண்கள் காலுக்கு மஞ்சள் தடவ வந்தார்கள். நான் தடவுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உன் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தேன். வெடிப்புகள் இருந்தன. குதிகாலில் ஒரு பழைய தழும்பு, முள் குத்தியதாக இருக்கலாம். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஆணி இல்லை. ஆணி இருந்த சுவடும் இல்லை. ஆணி ஆறிவிடும், சுவடும் மறையும், அதுவும் எனக்குத் தெரியும். மஞ்சளைத் தடவிவிட்டு எழுந்துவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து திரும்பும்போது கோட்டை வாசலில் வெயில் ஏறியிருந்தது. தேவதைக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். கூந்தல் இன்னும் மஞ்சள், முறைப்பும் அப்படியே. காவல்காரப் பெண் சிங்கத்தின் நிழலில் ஒரு காலை மறு காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டீங்களா மேடம். செருப்ப இங்க வுட்டுடுங்க."

"கால்ல ஆணிமா. வெறுங்கால்ல நிக்க முடியல."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள், நான் அன்று உன்னைப் பார்த்த மாதிரியே. என் முகத்தில் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

"அப்பிடின்னா போங்க மேடம்" என்றாள். நான் நிலைப்படியைத் தாண்டும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஆணி எல்லாருக்கும் வருமா மேடம்? இந்த வெயில்ல எனக்கும் வந்தா தேவலாம்போல இருக்குது."

"வரும்மா" என்றேன்.

உன் சிவப்புத் தரை மேல் நடந்தேன். யாரோ அப்போதுதான் துடைத்திருந்தார்கள். நீ சொன்னது உண்மை, வழுக்கத்தான் செய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு கோபுரப் படிக்கட்டு வரை போய், நீ உட்கார்ந்த படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், இரண்டு காலிலும் செருப்போடு. எனக்கும் ஆணி இல்லை, அம்மா.