அப்பாவும் நானும் சென்னைக்குப் போய் வந்தோம், அம்மா

என் பெயரை எப்போதும் இரண்டு தரம் கூப்பிடுகிற அம்மாவுக்கு,

வெள்ளவத்தை வீட்டில், சாப்பாட்டு மேசையில், உங்கள் கதிரையில் இருந்து எழுதுகிறேன். வேறு கதிரையில் இருந்தால் கடல் தெரியாது. முன்னால் எழும்பிய புதுத் தொடர்மாடி முக்கால்வாசிக் கடலை மறைத்துவிட்டது. உங்கள் இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. இன்றைக்குக் கடல் கலங்கல். நீங்கள் இருந்திருந்தால் அதையே சாட்டாக வைத்து, மீன்காரரோடு உங்கள் அரைகுறைச் சிங்களத்தில் ஒரு சண்டை பிடித்திருப்பீர்கள்.

உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நாங்கள் சென்னைக்குப் போய் வந்தோம். நாங்கள் என்றால் அப்பாவும் நானும். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரு மாதத்துக்கு மேல். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும்.

நான் லண்டனிலிருந்து, கட்டியவரை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு நேரே கதைத்ததில்லை. “அவள் சாப்பிட்டவளே எண்டு கேள்” என்று உங்களிடம் சொல்லுவார். “அப்பாவை மருந்து குடிக்கச் சொல்லுங்கோ” என்று நானும் உங்களிடம் சொல்லுவேன். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் இருப்போம். காலையில் இரண்டு பேரும் கொட்டாஞ்சேனைக்குத்தான் போவோம், அவர் தண்ணீர் மோட்டார் திருத்தும் தன் கடைக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு. ஆனால் ஒரே பஸ்ஸில் போனதில்லை. நடுவில் நின்று எங்கள் இரண்டு பேரையும் காவித் திரிந்தீர்கள். களைக்கவில்லையா அம்மா உங்களுக்கு?

பிறகு கொரோனா வந்தது. முதலில் அப்பாவுக்கு லேசான காய்ச்சல். அவருக்கு வந்த வழியே போய்விட்டது. உங்களையும் என்னையும்தான் ஒரே அம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் என் கையை விடவில்லை. அம்புலன்சில் வந்தவர்தான் மெதுவாகப் பிரித்துவிட்டார். உங்களை ஒரு வார்டுக்கும் என்னை இன்னொரு வார்டுக்கும் கொண்டு போனார்கள். நீங்கள் போய்விட்ட செய்தி எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் மூச்சுக் குழாயோடு கட்டிலில் கிடந்தேன்.

இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைத்தான் ஏற்றினார்களாம். ஸ்டெரொயிட். எனக்கு அது வேலை செய்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் வலத் தொடைச் சந்துக்குள் ஏதோ கொளுவி இழுத்தது. முதலில் செருப்பைக் குறை சொன்னேன், பிறகு வயதை. பிள்ளைகள், “ரீச்சர் ஏன் ஒரு பக்கம் சரிஞ்சு நடக்கிறீங்கள்?” என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுக்கப் போனேன். தொடை எலும்பின் தலையில் ஒரு பந்து இருக்கிறது அல்லவா, இடுப்புக் குழிக்குள் சுழல்கிற பந்து. அதற்கு இரத்தம் போகாமல் எலும்பு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. மேல் ஓடு மட்டும் இன்னும் இடியவில்லை. அந்த ஸ்டெரொயிட்டால் வந்திருக்கலாம் என்று கொழும்பு டொக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அது இல்லாட்டி நீங்கள் இண்டைக்கு இதில இருந்து என்னட்டக் கேள்வி கேக்கமாட்டீங்கள்” என்றும் சொன்னார்.

உண்மைதான். என்னைத் திருப்பித் தந்த மருந்து. உங்களைத் தராத மருந்து. அதை எப்படி நான் திட்டுவது?

பந்து இடிந்த பிறகு முழு மூட்டையும் எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கலாம். ஆனால் எனக்கு நாற்பத்திரண்டு வயது. வைத்த மூட்டும் ஒரு நாள் தேயும், திரும்பவும் மாற்ற வேண்டும். இடிவதற்கு முதல் ஏதாவது செய்ய முடியுமா என்று வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளை விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு முகவர் ஃபோனில், வெட்டுக் கொத்து ஒன்றும் வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் புது எலும்பே முளைத்துவிடும் என்றார். எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது. ஃபோனை வைத்ததும் அப்பா சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்து, “வெட்டாமல் நோகாமல் எல்லாம் சரிவரும் எண்டு சொல்லுறவனை நம்ப வேண்டாம் எண்டு உன்ர மகளிட்டச் சொல்லு” என்றார்.

ஓம் அம்மா, நீங்கள் போன பிறகும் அவர் உங்களை விடவில்லை. உங்கள் படத்தின் மூலம்தான் எல்லாம் கதைத்தார். நானும் அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற ஒருவர் சென்னையில் ஒரு டொக்டரைச் சொன்னார். வீடியோவில் பேசினோம். அப்பா எனக்குப் பின்னால் தள்ளி இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார்.

“மோட்டரில பெயாரிங் போனால் நாங்கள் மாத்திப்போடுவம், டொக்டர். இதை ஏன் மாத்தாமல் வைச்சிருக்கப் பாக்கிறியள்?”

“மாத்தலாம் சார். ஆனா சொந்த மூட்டு மாதிரி வராது. உங்க பொண்ணு இன்னும் ரொம்ப வருஷம் நடக்கணும். பந்து இடியாம இருக்கிற வரைக்கும் அதைக் காப்பாத்தப் பாக்கலாம்.”

“அந்த ஸ்டெம் செல் போட்டாக் காணுமே?”

“அது மட்டும் போதாது. தொடைப் பக்கத்துல சின்னதா ஒரு வெட்டு. அது வழியா எலும்புக்குள்ள துளை போட்டு, உள்ள இருக்கிற அழுத்தத்தை இறக்கணும். அதுதான் முக்கியம். அவங்க இடுப்பெலும்பு மஜ்ஜையில இருந்து செல் எடுத்து, அதே துளை வழியா வைக்கிறோம். அது துணைக்கு. சில பேருக்கு நல்லாப் பிடிக்குது. சில பேருக்கு அப்புறமும் இடிஞ்சிடுது. உங்க பொண்ணுக்கு எப்படின்னு என்னால இப்பவே சொல்ல முடியாது சார்.”

அப்பா எழும்பிப் போய் உங்கள் படத்துக்கு முன்னால் நின்றார். “தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறார். இவரிட்டப் போகலாம் எண்டு சொல்லு. நானும் வாறன்” என்றார்.

சென்னையில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்துத்தான் செய்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். துளை போடும் சத்தம் அப்பாவின் கடைச் சத்தம் மாதிரியே இருந்ததால் பயம் கொஞ்சம் குறைந்தது. எடுத்த மஜ்ஜையை ஒரு இயந்திரத்தில் சுற்றி, அதிலிருந்து கொஞ்சத்தைப் பிரித்து ஒரு சிறு குழாயில் கொண்டு வந்தார்கள். கடும் சிவப்பு. நேர்ஸ் எனக்குத் தூக்கிக் காட்டினார்.

அதைப் பார்த்ததும் நான் வகுப்பில் படிப்பிக்கிற ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. செல் என்கிற கலங்களுக்குள் சக்தி செய்கிற இழைமணி, அதாவது மைட்டோகொண்ட்ரியா, என்று ஒன்று இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வருகிறது. எத்தனை வருடமாக அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மேசையில் கிடந்தபோதுதான் எனக்கே அது விளங்கியது. செத்த எலும்புக்குள் அவர்கள் வைக்கப் போவது உங்களைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. “வலிக்குதாம்மா?” என்று நேர்ஸ் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல?

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சமையலறையோடு ஒரு அறை எடுத்திருந்தோம். வலக்காலை நிலத்தில் ஊன்றவே கூடாது. கக்கத்தில் இரண்டு கோல். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு சொதி வைத்துத் தர வேண்டும் என்று நின்றார். தேங்காய்ப் பாலைக் கொதிக்க விட்டதில் அது திரைந்து போய்விட்டது. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு கலண்டர்தான் இருந்தது. உங்கள் படம் கொழும்பில்.

சட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இதைச் சாப்பிடலாமோ?”

“சாப்பிடலாம் அப்பா. உப்புத்தான் காணாது.”

அவ்வளவுதான் அம்மா. அதற்கு எத்தனை வருடம் எடுத்தது என்று பாருங்கள். அதுவும் திரைந்த சொதியைப் பற்றி.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தோம். கால் நோகுதோ, ஃபானைக் குறைக்கட்டோ, கீழே கடைக்காரர் எங்களைக் கேரளா என்று நினைக்கிறார். குனிய முடியாத எனக்குக் காலுறை போட்டுவிட்டார். ஒரு பின்னேரம், அப்படிக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“உன்ர அம்மாவை நான் பாத்தனான்.”

“பொரளையிலயோ?” என்று கேட்டேன். உங்களை அங்கேதான் எரித்தார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

“அதுக்கு முதல். ஆஸ்பத்திரியில. கதவடியில நிண்டு பாக்கச் சொன்னவங்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினாங்கள். நெத்தி வெறுமையாக் கிடந்தது.” காலுறையின் விளிம்பை மடித்தார், திரும்ப நிமிர்த்தினார். “வீட்டில இருந்து வெளிக்கிடேக்க, குளியலறைக் கண்ணாடியில அவள் ஒட்டி வைச்சிருந்த பொட்டு ஒண்டை எடுத்து, கடதாசித் துண்டில ஒட்டிச் சட்டைப் பொக்கற்றுக்க வைச்சனான். ஏன் எடுத்தனான் எண்டு எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில அவளுக்குப் பக்கத்தில ஒருத்தர் நிண்டார். முழுக்கப் பிளாஸ்டிக் உடுப்பு, கண் மட்டும்தான் தெரியுது. பொட்டுக்குச் சிங்களத்தில என்ன எண்டு அந்த நேரம் எனக்கு வரேல்ல. கடதாசியை நீட்டி, என்ர நெத்தியைத் தொட்டுக் காட்டினன். அவருக்கு விளங்கிட்டுது.”

“வைச்சவரோ?”

“கையில ரெண்டு கையுறை. பொட்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டு வருது. திருப்பித் திருப்பி ஒட்டிப் பாத்தார். வெளியில நிண்டவங்கள் கெதியா வரச் சொல்லிக் கூப்பிடுறாங்கள். அந்தாள் அவசரப்படேல்ல. கடைசியா ஒட்டிப்போட்டார். கொஞ்சம் கோணலா.”

“கோணலாவோ?”

“ஓம். இடப்பக்கமா. திருத்தச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வரேல்ல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொட்டு ஒரு நூல் விலகினாலும் திரும்பக் கண்ணாடிக்குப் போகிறவர் நீங்கள். “அம்மாவுக்குக் கோவம் வந்திருக்கும்” என்றேன். “வந்திருக்கும்” என்றார் அப்பா. பிறகு, “கடையில இருந்து நான்தானே அந்தக் கொரோனா வருத்தத்தைக் கொண்டுவந்தனான். அதாலதான் நீ என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல எண்டு நினைச்சன்” என்றார்.

“ஆர் கொண்டு வந்தது எண்டு ஆருக்கப்பா தெரியும்? நானும்தானே பஸ்ஸில போய் வந்தனான்.”

அவர் மற்றக் காலுறையைத் தேடி எடுத்தார். வெறும் நெற்றியோடுதான் நீங்கள் போனீர்கள் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், அம்மா. அந்த நினைப்போடு எத்தனை விடியல் எழும்பியிருப்பேன். அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் இருந்தவர் யார்? எந்த ஊர்? அவருக்கு இது நினைவிருக்குமா?

கொழும்புக்குத் திரும்பி வந்து, கோல் இரண்டையும் விட்டு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். எனக்காக வகுப்பைக் கீழ் மாடிக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். போன கிழமை திரும்ப ஸ்கேன் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். பந்து இடியவில்லை, வட்டமாகவே இருக்கிறது. செத்த இடம் முழுதாக மாறவில்லை, ஓரங்களில் கொஞ்சம் பிடித்திருக்கிறது. அது ஸ்டெம் செல்லாலா, துளை போட்டதாலா என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றார் டொக்டர். பிறகு இன்னொன்றும் சொன்னார். இடப் பக்கத்திலும் ஒரு சிறு நிழல் தெரிகிறதாம். பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

அதைக் கேட்டதும் எனக்கு நீங்கள் வேண்டும் போலிருந்தது. வேறு ஒன்றுமில்லை, பக்கத்தில் வந்து இருந்தால் போதும். இந்த வயதிலும் அப்படி வருகிறது அம்மா. அலுமாரியைத் திறந்து உங்கள் சீலைகளுக்கு நடுவில் முகத்தை வைத்தேன். இப்போது அதில் அலுமாரி மணம்தான் இருக்கிறது.

மறுநாள் விடிய, கடற்கரை ரோட்டில் நடக்க வெளிக்கிட்டேன். கதவைப் பூட்டும்போது அப்பா சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரோடு நடப்பது தனியாக நடக்கிற மாதிரித்தான் என்று நீங்கள் குறைப்படுவீர்கள் அல்லவா? கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னால் போய்விடுவார், நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவீர்கள். அன்றைக்கு அவர் முன்னால் போகவில்லை. நான் ஒரு காலை மெதுவாக வைக்க, அவரும் மெதுவாக வைத்தார். ரயில் ஒன்று எங்களைக் கடந்து போய் மறைந்தது. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, “உன்ர அம்மாவோட இப்பிடி நடந்திருக்கலாம்” என்றார்.

நடந்திருக்கலாம் அம்மா. நானும் அதைத்தான் நினைத்தேன்.

இடப் பக்கம் நோகத் தொடங்கினால் மறைக்கமாட்டேன், தள்ளிப்போடமாட்டேன். திரும்பவும் போவேன், அவரையும் கூட்டிக்கொண்டு. உள்ளே வைத்த உங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்வேன். அவரையும் பார்த்துக்கொள்வேன். நீங்கள் இனிக் கொஞ்சம் ஓய்வாக இருங்கள்.

உங்கள் எலும்பிலிருந்து வந்த மகள்,
கௌரி