நாறும் படக்கதை

தம்பி,

நான் வரைந்த படக்கதை நிஜமாகவே நாறுகிறது. காலையில் அதன் மேல் உட்கார்ந்த ஈ மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியே ஓடிவிட்டது.

"காகிதம் எங்கயாவது நாறுமா? போக்கா" என்று நேற்று சிரித்தாய். ஏன் சிரிக்க மாட்டாய்? நீ இடமிருந்து வலமாகப் படித்தாய். அப்படிப் படித்தால், பாத்திரத் தொட்டியில் பொங்கிய சாக்கடை சமர்த்தாகக் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போய்விடும். இது ஜப்பான்காரர்கள் பாணி. கடைசிப் பக்கத்தில் தொடங்கி, வலமிருந்து இடமாகப் படி.

ஆய்வுக்கூடத்தில் ஆயுள் முழுக்க ஊரார் சளியைப் பார்த்தவள், ஓய்வு பெற்றதும் பூவா வரைவேன்? முதலில் நான் வரைந்த சளி பஞ்சு மூட்டை போல இருந்தது. இப்போது ஒழுகுகிறது. சத்தத்தையும் படத்துக்குள்ளேயே கொட்டை எழுத்தில் போட ஜப்பான்காரர்களிடம்தான் கற்றேன். "சளக், கொளக்."

சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. படித்துவிட்டுச் சாப்பிடு. உனக்குக் குமட்டினால் இன்றே படக்கதைப் போட்டிக்கு அனுப்புவேன். இல்லையென்றால் இனிமேல் பேனாவைத் தொட மாட்டேன். எனக்காகப் பொய் சொல்லாதே.

மை வாங்கப் போகிறேன். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டில் கொடு.

அக்கா

பி.கு. குழாயில் சுருண்டிருக்கும் முடி உன்னுடையது. பார்த்துத்தான் வரைந்தேன்.

(அடியில், தம்பியின் கையெழுத்தில்)

அக்கா, வலப்பக்கத்துலேர்ந்து படிச்சேன். முடி வர்ற பக்கத்துல என்னை அறியாம மூக்கைப் பொத்திட்டேன். சோறு இறங்கல. அனுப்பிடு, நாறத்தான் செய்யுது.