பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை

எம்டன், ஞாயிறு

அன்பு மகள் ஃப்ராவ்கெக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. ஸ்டுட்கார்ட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றால் கோபித்துக்கொள்வாய், ஆனாலும் கேட்கிறேன். முதல் உறைபனி விழுந்துவிட்டது, பரட்டைக்கீரையும் தொத்திறைச்சியும் சமைத்தேன், அப்பா மறதியில் உனக்கும் தட்டு எடுத்து வைத்தார்.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. பத்துப் பேரில் இரண்டு பேருக்குக் கட்டாயம் கடைசி மதிப்பெண் போட வேண்டும் என்று நம் கம்பெனி புதிதாக ஓர் ஆண்டு மதிப்பீட்டைக் கொண்டுவந்ததே, எங்கள் தொழிலாளர் குழு சம்மதிக்காமல் அதை எங்களிடம் நடத்த முடியாது. நாங்கள் சம்மதிக்கவில்லை, பின்வாங்கினார்கள். குழுத் தலைவன் ஸோன்கெ எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தான், ஒரே கும்மாளம். இப்போது அதையே உன்னைப் போன்ற பெரிய அதிகாரிகளிடம் ஆரம்பிக்கிறார்கள் என்று போனில் சொன்னாய், என் வேலை அவங்களுக்குத் தெரியும்மா என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஸோன்கெயிடம் போய் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான், "அக்கா, உங்க பொண்ணு மேல போயிட்டா. இனி அவளுக்காக நம்ம குழு வாய் திறக்க முடியாது. சட்டமே அப்படித்தான்." உன் பதவி உயர்வுக்குத் தெருவுக்கே கேக் கொடுத்தேன், அன்று இது எனக்கு உறைக்கவில்லை.

உங்கள் மாடியில் இரண்டு அறைகளில் பெயர்ப்பலகையைக் காணோம், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்றாய். உன் மேலதிகாரி திடீரென்று அம்மா அப்பா நலமா என்று விசாரித்தாராம், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மதிப்பீட்டுக்குக் கூப்பிடப்பட்டவர்கள் பக்கத்தில் குழு உறுப்பினராக எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், கெட்ட சேதி வைத்திருப்பவர்கள் முதலில் வீட்டாரைத்தான் விசாரிப்பார்கள். நான் அங்கே பேசுவதுகூட இல்லை, ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாலே வார்த்தையை அளந்து பேசுவார்கள்.

வியாழக்கிழமை உன் மதிப்பீட்டில் என்ன சொன்னாலும் தலையாட்டாதே, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வா. கழுத்துக்குக் கம்பளி கட்டிக்கொள். நல்லதே நடக்கட்டும், கடவுள் உன் கூடவே இருக்கட்டும். எங்கள் மேல் விழ இருந்ததை நாங்கள் தள்ளிவிட்டோம் கண்ணே, அது உன் மேல் வந்து விழுந்திருக்கிறது. யார் யார் பக்கத்திலோ உட்கார்ந்தேன், உன் பக்கத்தில் உட்கார என்னை விடமாட்டார்கள்.

உன் அம்மா,
ஹைட்ருன்