மதியக் காட்சியில் வந்தவர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். வலது தோளில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, எலும்பு முறியவில்லை. அம்மா நலம்.

செவ்வாய்க்கிழமை தியேட்டரில் மதியக் காட்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பேரைக் காட்டுக்குள் நாய்களை விட்டுத் துரத்துகிற படம், நல்ல கூட்டம். புரொஜெக்டர் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஒரு பெண், கூடவே அவள் கணவன். அவள் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. காலையில்தான் பதிவுத் திருமணம் முடிந்ததாம். அவளுடைய அப்பா ஆட்களோடு கீழே வரிசை வரிசையாகத் தேடுகிறார் என்றாள். போலீசுக்குப் போன் செய்தேன். அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் வந்து நின்றேன்.

மூன்று பேர் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் இரும்புக் குழாய். முகம் முழுக்க வியர்வை.

"பெரியவரே, உள்ள இருக்கறது என் பொண்ணு. வழி விடுங்க" என்றார்.

"உங்க பொண்ணுங்கறதாலதான் நிக்கறேன்" என்றேன்.

ஓங்கித் தோளில் அடித்துவிட்டார். நான் நகரவில்லை. அடுத்த அடி விழுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் ஒரு கீறல்கூட இல்லாமல் காப்பகத்தில் இருக்கிறார்கள்.

நாளை நீதிபதி முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மேனேஜர் லீவு போட்டுவிட்டு எங்காவது போய்வரச் சொல்கிறார். நேற்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு வம்பு என்று தன்மையாகக் கேட்டுவிட்டு, தெருமுனையிலேயே நின்றிருந்தார்கள். இருக்கட்டும். நான் போகத்தான் போகிறேன். அடித்தவரைக் கை நீட்டிக் காட்டுவேன். அம்மாவும் கூட வருகிறாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்?

ஒன்று எழுத வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு நானும் உன் பெரியப்பாவும் உங்கள் இருவரையும் தேடி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினோமே, என் கையில் என்ன இருந்தது என்று ஜன்னல் வழியாக நீ பார்த்திருப்பாய். அன்று என் எதிரில் யாரும் வந்து நிற்கவில்லை. உங்கள் வண்டி கிளம்பிவிட்டது. நான் செய்த புண்ணியம் அது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் காட்டு. அவர் சரி என்றால் பதில் எழுது. வேண்டாம் என்றால், நியாயம் அவர் பக்கம்தான். இருவரும் நன்றாக இருங்கள்.

அப்பா